விளக்கைத்தான் விசாரிப்பீர்களா?

ஆலயத்துக்குள் குத்துவிளக்கு ஏற்றுவது புறமத வழக்கமாம். பொங்கல் பொங்கிய சபைமீது பேராயர் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டுமாம். லுத்தரன் பாரம்பரியம் இதற்கெல்லாம் இடம் கொடுத்ததே இல்லையாம். றிச்மண்ட் ஹில்லிலிருந்து எழுதுகிறார் அன்பர். பேவியூ அவெனியூவில் பிள்ளையார் கோயில் இருப்பதால் சபைப் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்ற கவலை வேறு! உச்சியில் சிலுவை பொருத்திய விளக்கைக் கண்டு ஒரு பிள்ளை குழம்பினால், விசாரிக்க வேண்டியது ஞாயிறு பள்ளியை.

பாரம்பரியத்துக்கே வருவோம். சுவிசேஷத்திலும் சாக்கிரமெந்துகளிலும் ஒருமனம் போதும், மனிதர் ஏற்படுத்திய சடங்குகள் எங்கும் ஒரேமாதிரி இருக்கத் தேவையில்லை என்கிறது 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, ஏழாம் பிரிவில். 1522இல் விட்டன்பர்க்கில் சிலைகளை அடித்து நொறுக்கக் கிளம்பியவர்களை, மறைவிடத்திலிருந்து திரும்பிவந்து எட்டு நாள் பிரசங்கித்து அடக்கியவர் லுத்தர். அன்பர் அன்று அங்கிருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

மேலிடத்துக் கண்காணிப்பின் லட்சணமும் தெரிந்ததுதான். தென்னிந்தியக் கடவுளரைப் பற்றி தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1713இல் எழுதிய நூலை, ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து மிஷனை வழிநடத்திய ஃபிராங்கே அச்சிட மறுத்தார். புறமதத்தை வேரறுக்கத்தானே அனுப்பினோம் என்பது அவர் நியாயம். நூல் சென்னையில் அச்சேறியது 1867இல். எழுதியவர் இறந்து 148 வருடங்களுக்குப் பிறகு.

இத்தனை விழிப்பாயிருந்த திருச்சபை சாதி விஷயத்தில் என்ன செய்தது? 1733இல் தரங்கம்பாடியில் முதல் தமிழ்க் குருவுக்கு ஆள் தேடினார்கள். சிப்பாயாயிருந்து உபதேசியாரான இராஜநாயக்கன் பெயரும் அடிபட்டது. அவர் பறையர். அவர் கையால் வேளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்ற பயத்தில், வேளாளரான ஆரோனுக்கு அபிஷேகம் நடந்தது. வாங்க மறுத்தவர்களை அல்லவா தண்டித்திருக்க வேண்டும்? நூறு வருடம் கழித்து, 1833இல், ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென்று உத்தரவிட்டார். அதைப் பொறுக்காமல் வெளியேறிய தஞ்சாவூர்க்காரர்களில் பலர் ஒதுங்கிய நிழல் எது? நம்முடைய லுத்தரன் லைப்சிக் மிஷன்! அங்கே சாதியை எதிர்த்த ஓக்ஸ் என்ற மிஷனரிதான் கடைசியில் மிஷனை விட்டுப் போனார்.

சபைக்கு ஒழுங்கு வேண்டும்; மறுக்கவில்லை. அன்பர் பேராயருக்கு அனுப்பும் முறைப்பாட்டில் இன்னும் ஒரு வரி சேர்க்கட்டும்: கலியாணப் பேச்சில் 'என்ன ஆக்கள்?' என்று விசாரிக்கும் சபையார்மீதும் நடவடிக்கை வேண்டும். அதற்குக் கீழே எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்ப்போம்.