சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

எண்ணெய் ஒழுகாத பழைய புல்லட்டில் எண்ணெயே இருக்காது என்பது மெக்கானிக்குகளின் ஜோக். மழைநாளில் பின் டயரில் அந்த எண்ணெய் பட்டால் சிரிப்பு வராது.

1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவானதிலிருந்து சுமார் அரை நூற்றாண்டு சென்னையில் தயாரான வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட்டில் இன்ஜின், கியர்பாக்ஸ், பிரைமரி செயின் மூடி மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய். எதில் அளவு குறைகிறது என்று முதலில் பாருங்கள். ராக்கர் மூடியில் கசிவது காற்றில் பின்னோக்கி ஓடி அடியில் எங்கோ சொட்டும். பழி வடிகால் போல்ட்டின் மீது விழும்.

மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, முகப்பவுடர் தூவி வண்டியைச் சற்று ஓட்டுங்கள். பவுடரில் ஈரத்தடம் தொடங்கும் இடமே குற்றவாளி. (வீட்டில் பவுடர் டப்பா காலியானதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.)

எல்லா இணைப்புகளிலும் கசிந்தால்? பலர் பேக்கிங் மாற்றி, ஷெல்லாக் அப்பி, போல்ட்டை முறுக்கிக் காசைக் கரைக்கிறார்கள். செயின் மூடியின் ஒற்றை நட்டை அதிகம் முறுக்கினால் மூடி வளைந்து இன்னும் ஒழுகும். முதலில் பார்க்க வேண்டியது பிரீதர். பிஸ்டன் இறங்கும்போது கிராங்க் கேஸ் காற்று வெளியேறும் வழி அது. அதன் வாத்து அலகு போன்ற ரப்பர் வால்வு விறைத்தோ அடைத்தோ போனால், உள்ளழுத்தம் கிடைத்த சந்திலெல்லாம் எண்ணெயைத் தள்ளும். பேக்கிங் செட்டை விட அந்த ரப்பர் மலிவு.