யாறும் உடுக்குறிச் சொல்லும்

நைனார்பாளையத்தில் ஒருநாள், "கோமுகி யாறு கல்வராயன் மலையில் தோன்றுகிறது" என்று கரும்பலகையில் எழுதினேன். (பெயர் வடசொல், யாறு நம்முடையது.) "ஆறுதானே ஐயா? 'யா' பிழையன்றோ?" என்றான் ஒரு மாணவன். வீட்டில் தெலுங்கு பேசும் மற்றொருவன் மெல்ல எழுந்து, "எங்கள் வீட்டில் 'ஏரு' என்போம், ஐயா" என்றான். வகுப்பு நகைத்தது. எனக்கு நகைப்பு வரவில்லை. ஒரு சொல்லின் வரலாறு முழுதும் அம்மூன்று வடிவங்களில் அடங்கிக் கிடந்தது.

ஆங்கிலத்துக் 'கிங்', செருமானியத்துக் 'கோனிக்' ஆகிய இரண்டும் அரசனைக் குறிப்பன; ஒரு தாய் வயிற்றுப் பிறந்தன. அத்தாய்ச்சொல் எவ்வேட்டிலும் இல்லை. மொழியறிஞர் கிளைமொழிகளை ஒப்பிட்டு அதனைக் 'குனிங்கசு' என மீட்டமைத்தனர். எழுத்துச் சான்று இன்மையால் முன்னே உடுக்குறி இட்டனர். 'குடியிற் பிறந்தோன்' என்பது அதன் பொருள் என்பர். வியப்பு யாதெனின், அவ்வினஞ் சாராத பின்னிய மொழி பண்டே அதனைக் கடன்கொண்டு, இன்றும் அரசனைக் 'குனிங்கசு' என்றே வழங்குகிறது! கிங், கோன் என ஒலியொப்புமை ஒன்றே கொண்டு உறவு கட்டும் நம்மவர் இதனைக் கருதிப் பார்ப்பாராக.

நம் மொழிக்குடும்பத்தும் முறை அதுவே. பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திரவிட வேர்ச்சொல் அகரமுதலி இத்தகைய இனச்சொற்களைத் தொகுத்தது. தமிழில் ஆறு, ஆண்டு, ஆனை. தெலுங்கில் ஏறு, ஏடு, ஏனுகு. ஒரு சொல்லாயின் தற்செயல் எனலாம். வரிசையாக வருவது அங்ஙனம் ஆகாது. ஆகாரமும் ஏகாரமும் எதனினின்று பிரிந்தன? 'யா' என்பதனின்றே. இடைநா அண்ணத்தை ஒட்டப் பிறக்கும் யகரம், தெலுங்கில் ஆகாரத்தை ஏகாரமாக ஈர்த்துவிட்டு மறைந்தது. தமிழில் வாளா உதிர்ந்தது.

பின்னியன் வீட்டில் தேடும் நிலை நமக்கில்லை. யாறு, யாண்டு, யானை என்பன கழக நூல்களில் உயிரோடுள்ளன. யகரம் ஆகாரத்தோடு மட்டுமே சொன்முதலாகும் எனத் தொல்காப்பியமும் வரையறுத்தது. கரூரை அடுத்த புகளூர் மலைமுழையில், ஏறத்தாழ 1800 ஆண்டுகட்கு முற்பட்ட சேரர் கல்வெட்டு, சமணத் துறவி ஒருவரின் ஊரை 'யாற்றூர்' என்றே பொறித்துள்ளது.

இதனால் யாறே முதற்சொல் ஆகிவிடாது. அதன் றகரத்தின் இடத்தே முற்காலத்தில் வல்லொலி ஒன்று நின்றதென்பர். ஆயினும் முதலெழுத்தைக் கெடாது காத்தது தமிழே. எல்லாம் தமிழினின்றே தோன்றின என வெறுமனே முழங்குவதினும், இவ்வோர் எழுத்தைக் காட்டுவது வலிவுடைத்து.

மறுநாள் அத்தெலுங்குச் சிறுவனையே அழைத்து, அவன் வீட்டுச் சொற்களைப் பலகையில் எழுதச் செய்தேன். எதிரே மற்றவர் யாறு, யாண்டு, யானை என எழுதினர். அன்று எவனும் நகைக்கவில்லை.