ஆணை வருகிறது, காரணம் வருவதில்லை

உத்தரப் பிரதேச அடிப்படைக் கல்வித் துறை 2025 ஜூன் 16 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு ‘இணை சேர்ப்பது’ என்பது அதன் சாரம். மாணவர்களுக்குக் கோடை விடுமுறைகூட அப்போது முடிந்திருக்கவில்லை. ஆசிரியர் சங்கங்கள் தெருவில் இறங்கின. பெற்றோர் பள்ளி வாயில்களில் திரண்டனர். அதன் பின்னர், ஜூலை இறுதியில்தான், ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு அப்பாலுள்ள பள்ளிகளும், 50 மாணவருக்கு மேல் பயிலும் பள்ளிகளும் இணைக்கப்படமாட்டா என்று அமைச்சர் விளக்கமளித்தார். இவ்வரையறை முதல் நாளிலேயே ஒவ்வொரு பள்ளிக்கும் ஐயத்துக்கு இடமின்றி எட்டியிருந்தால், ஒன்றரை மாத காலம் கிராமங்கள் கொந்தளித்திருக்க வேண்டிய தேவை என்ன?

இடையில் வழக்கும் நடந்தது. சீதாப்பூர் மாவட்ட மாணவர்கள் சார்பில் தொடுக்கப்பட்ட மனுவை அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் லக்னோ அமர்வில் தனி நீதிபதி ஜூலை 7 அன்று தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு ஜூலை 24 அன்று, அம்மாவட்டத்தில் அன்றிருந்த நிலையே தொடர வேண்டும் என்று இடைக்கால உத்தரவிட்டது. கொள்கை சரியா தவறா என்பதற்குள் அமர்வு செல்லவில்லை. அரசுத் தரப்பு தாக்கல் செய்த ஆவணங்களில் காணப்பட்ட முரண்பாடுகளே உத்தரவுக்குக் காரணமாயின. அந்த ஆவணங்களை முதலில் படித்துப் பிழை திருத்தியிருக்க வேண்டியவர்கள் அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர்கள். தம் பள்ளியைப் பற்றிய தாள்களைத் தாம் காணும் முன்னரே நீதிமன்றம் காணும் நிலையில் அவர்கள் வைக்கப்பட்டிருந்தனர்.

இது ஒரு மாநிலத்தின் நிர்வாகக் குளறுபடி என்று கடந்து போக முடியாது. நாடெங்கும் அரசுப் பள்ளி ஊழியர்களிடம் முடிவு மட்டுமே தெரிவிக்கப்படுகிறது. முடிவுக்கான கணக்கும் காரணமும் மறைக்கப்படுகின்றன. பொதுக்கல்வியைச் சுருக்கும் நவதாராளமயத் திட்டத்துக்கு இந்த மௌனம் இன்றியமையாத கருவியாக இருக்கிறது. எனவே, தகவல் பெறும் உரிமையை ஊழியரின் வசதிக்கான கோரிக்கையாகச் சுருக்காமல், பள்ளியைக் காக்கும் போராட்டத்தின் முதற்படியாக நாம் கையிலெடுக்க வேண்டும்.

மேலே போகும் புள்ளிவிவரம்

அரசுக்குப் பள்ளிகளைப் பற்றித் தகவல் இல்லாமல் இல்லை. 1990களின் நடுப்பகுதியில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தோடு தோன்றிய மாவட்டக் கல்வித் தகவல் முறை, இன்று யுடைஸ் பிளஸ் என்ற பெயரில் நாட்டின் ஏறத்தாழ 14.7 லட்சம் பள்ளிகளையும் தன் வலைக்குள் கொண்டுள்ளது. வகுப்பறை, கழிப்பறை, மின்னிணைப்பு, நூலகம், ஒவ்வொரு மாணவரின் விவரம் என அத்தனையையும் நிரப்புபவர் தலைமையாசிரியர். 2024-25ஆம் ஆண்டு விவரப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஒற்றை ஆசிரியரைக் கொண்டு இயங்குகின்றன. அங்கெல்லாம் ஆசிரியர் இணையதளத்தின் முன் அமரும்போது வகுப்பு ஆசிரியரின்றிக் கிடக்கிறது.

இவ்வளவு உழைப்பில் திரட்டப்படும் விவரம் மேலே செல்கிறது. திரும்பி வரும்போது ஆணையாக மட்டுமே வருகிறது. தம் பள்ளியில் மாணவர் குறைந்துள்ளனர் என்று உண்மையாக எழுதிய தலைமையாசிரியர், அதற்குக் காரணம் மூன்றாண்டுகளாக நிரப்பப்படாத பணியிடம் என்பதை எழுத அப்படிவத்தில் கட்டம் காண்பதில்லை. அவர் தந்த எண்ணே அவர் பள்ளிக்கு எதிரான சாட்சியமாகிறது.

ஆணையில் இல்லாத கணக்கு

இணைப்பால் எந்தப் பணியிடமும் ஒழியாது என்று அரசுகள் உறுதி கூறுகின்றன. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 மாணவர் வரை இரு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். அருகருகே மூன்று பள்ளிகள் இருக்கின்றன என்று கொள்வோம். அவற்றில் முறையே 20, 25, 45 மாணவர்கள். சட்டப்படி அவற்றுக்கு உரிய ஆசிரியர் ஆறு பேர். மூன்றையும் ஒன்றாக்கினால் மாணவர் 90. உரிய ஆசிரியர் மூன்று பேர். ஒரு குழந்தையும் குறையவில்லை, ஆசிரியர் பணியிடம் பாதியாகிவிட்டது.

சமையலறைக்கு வருவோம். மதிய உணவுத் திட்ட விதிமுறைப்படி 25 மாணவர் வரை ஒரு சமையலர். 26 முதல் 100 வரை இருவர். மூன்று பள்ளிகளிலும் சேர்த்து நான்கு சமையலர். இணைந்த பள்ளியில் இருவர். வேலையிழக்கும் அந்த இரு பெண்களுக்கு ஒன்றிய அரசின் விதிமுறை வகுத்துள்ள மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதங்கள். 2009இல் நிர்ணயித்த அத்தொகையை இத்தனை ஆண்டுகளாக உயர்த்தாத அரசு, அதையும் பறிக்கும் முடிவை எடுக்கும்போது அவர்களிடம் ஒரு சொல் கேட்பதில்லை. ‘ஊழியர்’ என்ற சொல்லுக்குள் சமையலரையும் தூய்மைப் பணியாளரையும் ஒப்பந்த ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளாத எந்தத் தகவல் உரிமையும் அரைகுறையானதே.

இன்று பணியில் உள்ளவரை உடனே வெளியேற்றாமல், ஓய்வுபெறுவோரின் இடத்தை நிரப்பாமல் விட்டுவிடுவதே நடைமுறை. ஆகவே இழப்பு எவர் பெயரிலும் பதிவாவதில்லை. வேலைக்காகக் காத்திருக்கும் பயிற்சி பெற்ற இளைஞனே அதன் உண்மையான பலிகடா. இக்கணக்கு ஆணையோடு இணைத்து அனுப்பப்பட்டிருந்தால் எந்த ஆசிரியர் கூட்டத்திலும் அது ஒரு நாள்கூட நின்றிருக்காது. அது இணைக்கப்படாததன் காரணமும் அதுவே.

சொற்களின் அரசியல்

சுற்றறிக்கைகளையும் அரசாணைகளையும் ஆங்கிலத்திலிருந்தும் இந்தியிலிருந்தும் தமிழாக்குவது இக்கட்டுரையாளரின் அன்றாடப் பணிகளுள் ஒன்று. அவற்றின் வாக்கியங்களுக்கு எழுவாய் இருப்பதில்லை. ‘அறிவுறுத்தப்படுகிறது’, ‘முடிவு செய்யப்பட்டுள்ளது’, ‘உறுதிப்படுத்தப்பட வேண்டும்’ என்று எல்லாம் செயப்பாட்டுவினை. எவர் முடிவு செய்தார், எந்தக் கூட்டத்தில், எவர் எதிர்த்தார் என்று தேடினால் கிடைக்காது. ஆனால் தண்டனை என்று வரும்போது எழுவாய் தெளிவாகத் தோன்றிவிடும்: ‘தவறும் தலைமையாசிரியரே முழுப் பொறுப்பாவார்.’

பெயர்ச்சொற்களும் அப்படியே. மூடுதல் என்பது ‘இணை சேர்த்தல்’ ஆகிறது. ஆள்குறைப்பு என்பது ‘பணிநிரவல்’ ஆகிறது. நிரவுதல் என்றால் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புதல். இங்கே மேடு வெட்டப்படுகிறது. பள்ளம் பள்ளமாகவே கிடக்கிறது. அறுபது பிள்ளைகளுக்கு இருவர் என்று சட்டம் வகுத்த இடத்தில் ஒருவர் தனித்து நிற்க, பக்கத்துப் பள்ளியில் ‘உபரி ஆசிரியர்’ எவ்வாறு முளைக்கிறார் என்று எந்தச் சுற்றறிக்கையும் விளக்குவதில்லை.

‘எல்லாம் செயலியில் இருக்கிறது’

இதற்கு அதிகார வர்க்கம் தரும் பதில் நமக்குத் தெரிந்ததே. இன்று எல்லாமே இணையத்தில் வெளிப்படையாக உள்ளன, வாட்ஸ்அப் குழுக்களில் நொடிப்பொழுதில் செய்தி சேர்கிறது, முன்பு தபாலில் பத்து நாள் ஆனது இன்று பத்து நிமிடத்தில் ஆகிறது என்பார்கள். வேகம் உண்மை. ஆனால் நிர்வாகியைத் தவிர வேறெவரும் எழுத இயலாதபடி பூட்டப்பட்ட குழுவில், இரவு பத்து மணிக்கு வந்து காலை பத்து மணிக்குள் விவரம் கேட்கும் செய்தி, உரையாடலாகாது. அதற்குக் கோப்பு எண் இல்லை, கையொப்பம் இல்லை, மேல்முறையீடு இல்லை. பழைய தாள் சுற்றறிக்கையை எதிர்த்து வழக்காவது தொடரலாம்; நீக்கப்பட்ட குறுஞ்செய்தியை எதிர்த்து எங்கே செல்வது?

உத்தரப் பிரதேசத்தில் 2024 ஜூலை 8 முதல் ஆசிரியர்களுக்கு டிஜிட்டல் வருகைப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. மழைக்காலத்தில் நீர் சூழும் கிராமப் பாதைகள், இணையத்தொடர்பு இல்லாத இடங்கள், மற்ற அரசு ஊழியருக்கு உள்ள ஈட்டிய விடுப்பும் அரைநாள் விடுப்பும் தமக்கு இல்லாத நிலை ஆகியவற்றை ஆசிரியர்கள் எடுத்துரைத்தனர். போராட்டம் பரவிய பின்னர் ஜூலை 16 அன்று அத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டு, குறைகளைக் கேட்கக் குழு அமைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. எட்டே நாளில் பின்வாங்க நேர்ந்த ஆணை, எட்டு நாள் முன்னதாக வரைவாக அனுப்பப்பட்டிருக்கலாகாதா? கேட்ட பிறகு ஆணையிடுவது நிர்வாகம். ஆணையிட்ட பிறகு கேட்பது ஆணவம் தோற்றதன் அடையாளம்.

அதே மாநிலத்தில் 2021 ஏப்ரலில் பெருந்தொற்றின் நடுவே ஊராட்சித் தேர்தல் நடந்தது. தேர்தல் பணியாற்றி உயிரிழந்தோர் என்று ஆசிரியர் சங்கம் 1,621 பெயர்களை மாவட்ட வாரியாகத் தொகுத்து வெளியிட்டது. அடிப்படைக் கல்வித் துறையோ மூவர் மட்டுமே இறந்தனர் என்று மே 18 அன்று அறிக்கை விட்டது. பணிக்குச் சென்று வீடு திரும்புவதற்குள் இறந்தால்தான் பணியின்போது இறந்ததாகும் என்ற விதியை அது பற்றிக்கொண்டது. எழுந்த கண்டனத்துக்குப் பின், பணி முடிந்து 30 நாள்களுக்குள் இறந்தவர்களும் இழப்பீட்டுக்கு உரியவர்களாயினர். எண்ணும் அதிகாரம் நிர்வாகத்திடம் மட்டும் இருந்திருந்தால் அந்தக் குடும்பங்கள் எண்ணிக்கையிலிருந்தே அழிக்கப்பட்டிருக்கும். சங்கம் தன் கையால் எழுதிய பட்டியலே அவர்களை மீட்டது.

கைவிடப்பட்ட பரிந்துரை

நாம் கேட்பது புதிய சலுகை எதுவுமில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆவது பிரிவு, எவரும் மனுச் செய்யாமலே அரசு அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறது. நிதி ஒதுக்கீடு, ஊதிய விவரம், முடிவெடுக்கும் நடைமுறை ஆகியன அவற்றுள் அடங்கும். மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கையை வகுக்கும்போதே தொடர்புடைய விவரங்களை வெளியிட வேண்டும். நிர்வாக முடிவால் பாதிக்கப்படுவோருக்குக் காரணம் தெரிவிக்க வேண்டும். வெளியிடும்போது வட்டார மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. இருபது ஆண்டுகள் கடந்தும் எத்தனை வட்டாரக் கல்வி அலுவலகங்களின் சுவரில் இவ்விவரங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன? போதாக்குறைக்கு, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆவது பிரிவைத் திருத்தி, ‘தனிநபர் தகவல்’ என்ற ஒற்றைச் சொல்லால் பணிமூப்புப் பட்டியலையும் இடமாறுதல் விவரத்தையும் மறுப்பதற்கு வழி திறந்துவிட்டிருக்கிறது.

வரலாற்றையும் நினைவுபடுத்துவோம். 1966இல் அறிக்கை அளித்த கோத்தாரி கல்விக் குழு, அருகருகே உள்ள பள்ளிகள் ஒன்றுக்கொன்று துணைநிற்கும் பள்ளி வளாகம் என்ற கருத்தை முன்வைத்தது. அதே அறிக்கை, ஒவ்வொரு மாநிலத்திலும் ஆசிரியர் அமைப்புகளின் பிரதிநிதிகளும் கல்வித்துறை அதிகாரிகளும் சமமாக அமர்ந்து பேசும் கூட்டு ஆசிரியர் மன்றங்களையும் பரிந்துரைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 5 அன்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்ட ஆசிரியர் தகுநிலைப் பரிந்துரையும், கல்விக் கொள்கையிலும் பள்ளி அமைப்பிலும் ஆசிரியர் சங்கங்களைக் கலந்தாலோசிப்பதை வலியுறுத்தியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை முன்னதைத் தூசுதட்டி எடுத்துக்கொண்டது; துணைநிற்பதற்கான வளாகம் மூடுவதற்கான முகாந்திரமாக்கப்பட்டது. கூட்டு மன்றத்தை மட்டும் கோத்தாரியோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள்.

நம் முன்னுள்ள பணி

ஆகவே நம் கோரிக்கைகள் திட்டவட்டமாக இருக்க வேண்டும். பள்ளி இணைப்பு, பணியிட மாற்றம், வேலைநேர மாற்றம் தொடர்பான எந்த ஆணையும் முப்பது நாள் முன்னதாக வரைவாக, அப்பகுதி மொழியில், கணக்குத்தாளுடன் ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்பப்பட வேண்டும். பாதிக்கப்படும் ஊழியருக்கும் பெற்றோருக்கும் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணியிடம், காலியிடம், வந்த நிதி, செலவான நிதி ஆகியவை காலாண்டுக்கு ஒருமுறை வட்டார அளவில் வெளியிடப்பட வேண்டும். கையொப்பமும் கோப்பு எண்ணும் இல்லாத கைபேசிச் செய்தியை ஆணையாகக் கருதி எவரையும் தண்டிக்கக் கூடாது. ஒப்பந்த ஆசிரியரும் சமையலரும் இடம்பெறும் கூட்டு மன்றம் மாவட்டந்தோறும் அமைய வேண்டும்.

இவற்றை அரசு தானே முன்வந்து தரும் என்று எவரும் கருதமாட்டார். கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும் வழங்கியிருக்கிறது. மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். அரசுப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் விவசாயத் தொழிலாளியும் கட்டடத் தொழிலாளியும் வீட்டுவேலை செய்யும் பெண்ணும் அந்த நாற்காலிகளுக்கு உரியவர்கள். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் கைநாட்டு வாங்குவதோடு அக்குழுவின் வேலை முடிந்துவிடுகிறது. ஆசிரியர் அரங்கில் பணியாற்றும் தோழர்களும் விவசாயத் தொழிலாளர் அரங்கில் பணியாற்றும் தோழர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, தம் வட்டாரப் பள்ளிகளின் பணியிடக் கணக்கைத் தாமே தயாரிக்கட்டும். ஒவ்வொரு கிளையும் தன் எல்லைக்குள் உள்ள ஒரு பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இக்கணக்கை வாசித்துக் காட்டித் தீர்மானமாக நிறைவேற்றட்டும். அடுத்த இணைப்பு ஆணை வரும்போது ஊர் அதற்கு முன்பே தயாராக இருக்கட்டும்.