13.566-க்குத் தங்கம்... 15.066-க்கு ஒன்றுமில்லை! ஜிம்னாஸ்டிக்ஸ் மதிப்பெண்ணில் என்ன கணக்கு?

2014, கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டி. திரிபுராவின் அகர்தலாவிலிருந்து போன தீபா கர்மாகர், வால்ட் பிரிவில் 14.366 எடுத்தார். வெண்கலம் கிடைத்தது.

2016, ரியோ ஒலிம்பிக். அதே தீபா, அதே வால்ட். இந்த முறை 15.066. நான்காம் இடம். பதக்கம் இல்லை.

2024, தாஷ்கண்ட் ஆசிய சாம்பியன்ஷிப். தீபாவுக்கு வயது 30. எடுத்தது 13.566தான். தங்கம்! சீனியர் பிரிவில் ஆசிய சாம்பியன் ஆன முதல் இந்திய ஜிம்னாஸ்ட் அவர்தான்.

மூன்றில் பெரிய மதிப்பெண்ணுக்குப் பதக்கம் இல்லை. சின்ன மதிப்பெண்ணுக்குத் தங்கம். எதிரே ஆடியவர்கள் வேறு என்பது முதல் காரணம். ஆனால், அது மட்டுமே காரணம் இல்லை. ஓட்டப்பந்தயத்தில் விநாடி எங்கேயும் விநாடிதான். நீளம் தாண்டுதலில் மீட்டர் எங்கேயும் மீட்டர்தான். ஜிம்னாஸ்டிக்ஸில் மட்டும், ஒரு புள்ளியின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு, போட்டிக்குப் போட்டி மாறும்.

பத்துக்குப் பத்து போன கதை

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில், ருமேனியாவின் 14 வயது நாடியா கோமனேச்சி அன்ஈவன் பார்ஸில் ஆடி முடித்தார். பலகையில் வந்தது 1.00. அரங்கம் குழம்பிப்போனது. 10.00 என்று காட்ட அந்தப் பலகையில் இடமே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. அந்த ஒரே ஒலிம்பிக்கில் அவர் வாங்கிய 'பத்து' மொத்தம் ஏழு.

ஒலிம்பிக்கில் கடைசியாகப் பத்து விழுந்தது 1992 பார்சிலோனாவில். பிறகு 2006-ல் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் பத்துப் புள்ளி முறைக்கே விடை கொடுத்தது. அதற்கு முக்கியக் காரணம், 2004 ஏதென்ஸில் நடந்த ஒரு குளறுபடி.

அன்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 'தொடக்க மதிப்பு' என்று ஒன்று உண்டு. ஆட்டம் முழுக் கடினமாக இருந்தால் 10.0, கொஞ்சம் குறைந்தால் 9.9. தென்கொரியாவின் யாங் டே யங், பேரலல் பார்ஸில் ஆடிய ஆட்டத்துக்கு 10.0 கொடுத்திருக்க வேண்டும். நடுவர்கள் 9.9 என்று எழுதிவிட்டார்கள். போனது 0.1. ஆல்-ரவுண்ட் தங்கம் வென்ற அமெரிக்காவின் பால் ஹாமுக்கும் வெண்கலம் பெற்ற யாங்குக்கும் இடைவெளி 0.049 மட்டுமே.

தவறு நடந்தது உண்மை என்று சம்மேளனமே ஒப்புக்கொண்டது. மூன்று நடுவர்களை இடைநீக்கம் செய்தது. தங்கத்தை விட்டுக்கொடுக்கும்படி ஹாமுக்குச் சம்மேளனத் தலைவர் கடிதமே எழுதினார். ஆனால், பதக்கம் கை மாறவில்லை. கொரியத் தரப்பு உரிய நேரத்தில் ஆட்சேபிக்கவில்லை என்று சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயம் வழக்கைத் தள்ளிவிட்டது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தவர்கள், யாங் அதே ஆட்டத்தில் அனுமதித்ததைவிட ஒரு 'ஹோல்ட்' கூடுதலாகச் செய்திருப்பதையும், அதற்கு நடுவர்கள் புள்ளி குறைக்கவில்லை என்பதையும் காட்டினார்கள். ஒரு தவறைத் திருத்தப் போனால் இன்னொன்றையும் திருத்தியாக வேண்டும்!

இரண்டு மேசை, இரண்டு கணக்கு

இப்போதைய முறையில் மதிப்பெண் இரண்டு துண்டாக வருகிறது. முதலாவது 'டி ஸ்கோர்'. என்ன செய்தார், அது எவ்வளவு கடினம் என்ற கணக்கு. ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு விலை உண்டு. எளிதான 'ஏ' வகைக்கு 0.1, 'பி'-க்கு 0.2 என்று படிப்படியாக ஏறும். இதற்கு உச்சவரம்பு இல்லை. வால்ட்டில் மட்டும், ஒவ்வொரு தாண்டலுக்கும் மொத்தமாக ஒரு விலை.

இரண்டாவது 'இ ஸ்கோர்'. அதை எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்ற கணக்கு. இது பத்தில் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். கால் லேசாக வளைந்தால் 0.1, நடுத்தரப் பிழைக்கு 0.3, பெரிய பிழைக்கு 0.5, கீழே விழுந்தால் முழுதாக 1 புள்ளி. நடுவர்கள் தனித்தனியாகக் கழிப்பார்கள். மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் தள்ளிவிட்டு, நடுவில் இருப்பதைச் சராசரி எடுப்பார்கள். இரண்டு துண்டையும் கூட்டினால் மொத்தம். கோட்டைத் தாண்டியது போன்றவற்றுக்கு அதிலிருந்து தனியாக அபராதம்.

ரியோவில் தீபா செய்த 'புரோடுனோவா'வுக்கு டி ஸ்கோர் 7.0. அன்று பெண்கள் வால்ட்டில் அதுதான் உச்ச விலை. கொஞ்சம் பிசகினால் கழுத்தே போகும் என்பதால் உலகில் விரல்விட்டு எண்ணும் பெண்களே அதைத் தொட்டார்கள். தீபா தாண்டினார். இறங்கும்போது மிகத் தாழ்வாகக் குந்தி எழுந்ததால் இ ஸ்கோர் 8.266-ல் நின்றது. வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் கியூலியா ஸ்டெயின்க்ரூபர் அவ்வளவு கடினமான வித்தையைத் தொடவே இல்லை. தொட்டதைச் சுத்தமாகச் செய்தார். 0.150 புள்ளியில் பதக்கம் அவருக்குப் போனது.

விலைப்பட்டியல் மாறும்

இந்த விலைப்பட்டியலும் நிரந்தரம் இல்லை. ஒவ்வோர் ஒலிம்பிக் முடிந்ததும் விதிப்புத்தகம் திருத்தப்படும். ரியோ முடிந்த கையோடு வால்ட் மதிப்புகள் குறைக்கப்பட்டன. தீபாவின் 7.0, 2017 முதல் 6.4 ஆனது. அதே ஓட்டம், அதே இரட்டைக் குட்டிக்கரணம், அதே ஆபத்து. ஆனால் 0.6 குறைவு. ஆகவே 2016-ன் 15-ஐயும் 2024-ன் 13-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

சிமோன் பைல்ஸுக்கும் இது நேர்ந்தது. 2021-ல் அமெரிக்க உள்நாட்டுப் போட்டியில் அவர் முதல்முறையாகச் செய்த 'யுர்சென்கோ டபுள் பைக்' வால்ட்டுக்குத் தற்காலிகமாக 6.6 என்று விலை வைத்தார்கள். 2023 உலக சாம்பியன்ஷிப்பில் அது அதிகாரபூர்வமாக அவர் பெயரிலேயே பதிவானபோது விலை 6.4. அங்கே இன்னொன்றும் நடந்தது. விழுந்துவிட்டால் தாங்கிப் பிடிக்க, பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றார். அதற்கு 0.5 அபராதம்! புள்ளி போனாலும் பரவாயில்லை, உயிர் முக்கியம் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது.

மேடைக்கு மேடை வேறு

அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளுக்குப் போனால் வேறு உலகம். அங்கே பழைய பத்துப் புள்ளி முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. 2019 ஜனவரியில் கேட்லின் ஒஹாஷி சிரித்துக்கொண்டே ஆடிப் பத்துக்குப் பத்து வாங்கிய ஃப்ளோர் வீடியோ எல்லோருடைய போனிலும் சுற்றியதே... அது கல்லூரிப் போட்டிதான். வாராந்தரக் கல்லூரிப் போட்டிகளில் ஒரு கருவிக்கு இரண்டு நடுவர்கள் இருந்தாலே போதும். ஒலிம்பிக்கில் ஒரு பெரிய குழுவே உட்கார்ந்திருக்கும். அந்தப் பத்தும் இந்தப் பதினான்கும் ஒரே அளவுகோல் அல்ல.

இரண்டு பேர் சமமாக வந்தால்? அதற்கும் மேடைக்கு மேடை பதில் வேறு. 2008 பெய்ஜிங்கில் அமெரிக்காவின் நாஸ்டியா லியுகினும் சீனாவின் ஹி கெக்சினும் அன்ஈவன் பார்ஸில் 16.725 எடுத்தார்கள். கடினமும் சமம், சுத்தமும் சமம். ஆனாலும் நடுவர்களின் கழிவுகளை இன்னொரு முறை வேறு விதமாகச் சராசரி எடுத்து, நூலிழையில் ஹி கெக்சினுக்குத் தங்கம் கொடுத்தார்கள். ஏழாண்டு கழித்து 2015 உலக சாம்பியன்ஷிப்பில், அதே பார்ஸில், நான்கு பேர் 15.366 எடுத்தார்கள். அங்கே நால்வருக்கும் தங்கம்! டோக்கியோ ஒலிம்பிக்கில் ஃப்ளோரில் இரண்டு துண்டும் சமமாக வந்த இருவருக்கு வெண்கலம் பகிர்ந்து தரப்பட்டது. அதே ஒலிம்பிக் மேடைதான். பெய்ஜிங்கில் பிரித்தது, டோக்கியோவில் சேர்த்தது.

நான்கு விநாடி

பாரிஸ் 2024-க்கு வருவோம். ஆகஸ்ட் 5, பெண்கள் ஃப்ளோர் இறுதி. ருமேனியாவின் ஆனா பர்போசு, சப்ரினா மனேகா வோய்னியா இருவரும் 13.700. இ ஸ்கோர் அதிகம் என்பதால் பர்போசு முன்னே. கடைசியாக ஆடிய அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்கு 13.666. வெண்கலம் தனக்குத்தான் என்று 18 வயது பர்போசு கொடியைப் பிடித்துக்கொண்டு கொண்டாடத் தொடங்கினார்.

அப்போது சைல்ஸ் தரப்பு மேல்முறையீடு செய்தது. ஒரு வித்தையைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது வாதம். ஜிம்னாஸ்டிக்ஸில் டி ஸ்கோரைத்தான் கேள்வி கேட்கலாம். இ ஸ்கோர் மேல் கேள்வியே கிடையாது. நடுவர்கள் பார்த்தார்கள், டி ஸ்கோரில் 0.1 கூட்டினார்கள். 13.766. பர்போசுவின் கையிலிருந்து கொடி விழுந்தது. அவர் அழுதுகொண்டே வெளியேறியதை உலகமே பார்த்தது.

ருமேனியா தீர்ப்பாயத்துக்குப் போனது. கடைசியாக ஆடுபவருக்கு மேல்முறையீட்டுக்கான அவகாசம் மதிப்பெண் வந்ததிலிருந்து ஒரு நிமிடம். சைல்ஸ் தரப்பு கேட்டது ஒரு நிமிடம் நான்கு விநாடியில் என்று தீர்ப்பாயம் சொன்னது. கூட்டிய 0.1 ரத்து. பதக்கம் பர்போசுவுக்கு என்று அறிவிக்கப்பட்டது. சில நாளில் புக்கரெஸ்ட்டில் அவர் கழுத்தில் ஏறியது. இல்லை, 47-வது விநாடியிலேயே கேட்டதற்கு வீடியோ ஆதாரம் இருக்கிறது என்று அமெரிக்கத் தரப்பு சொன்னது. வழக்கு சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் வரை போனது.

இந்தச் சத்தத்தில் எல்லோரும் மறந்த பெண் மனேகா வோய்னியா. கோட்டுக்கு வெளியே கால் வைத்ததாக அவருக்கு 0.1 குறைத்திருந்தார்கள். குதிகால் வெளியே படவே இல்லை என்பது ருமேனியாவின் வாதம். அந்த 0.1 குறையாமல் இருந்திருந்தால் 13.800. வெண்கலம் அவருக்கே. ஆனால், அந்த அபராதத்தை எதிர்த்து அன்று உரிய நேரத்தில் யாரும் முறையிடவில்லை. அவர் மனுவைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை.

மூன்று பெண்கள். மூவரும் ஆடிய ஆட்டத்தில் ஒரு சர்ச்சையும் இல்லை. சர்ச்சை எல்லாம் அவர்கள் ஆடி முடித்த பிறகு, மேசைக்குப் பக்கத்தில் நடந்தவைதான். ஏதென்ஸிலும் அப்படியே. இருபது ஆண்டில் விதிப்புத்தகம் எத்தனையோ முறை மாறியது. தவறு நடந்தால் திருத்துவதற்கான வழி மட்டும் இன்னும் குறுகலாகவே இருக்கிறது.

கேமரா வந்தால் சரியாகுமா?

கேமராக்களால் உடலின் கோணத்தை அளந்து நடுவர்களுக்கு உதவும் கணினி முறையை, ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனத்தோடு சேர்ந்து சம்மேளனம் கொண்டுவந்திருக்கிறது. 2019 உலக சாம்பியன்ஷிப்பில் சில கருவிகளுக்கும், 2023-ல் பத்துக் கருவிகளுக்கும் அது பயன்பட்டது. கால் எத்தனை டிகிரி விரிந்தது, உடல் முழுச் சுற்று சுற்றியதா என்பதை அது சொல்லும். டி ஸ்கோர் சண்டைகளில் பாதியை அது தீர்க்கலாம். ஆனால் விலைப்பட்டியலை எழுதுவது மனிதர்கள். மேல்முறையீட்டுக்கு எத்தனை விநாடி என்று முடிவு செய்வதும் மனிதர்கள்.

அடுத்த முறை டிவியில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஓடும்போது மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் சின்ன எழுத்தில் டி, இ என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் துணிச்சலின் விலை. இரண்டாவது, அந்தத் துணிச்சலில் சிந்தாமல் சிதறாமல் மிஞ்சியது. போன ஒலிம்பிக்கோடு ஒப்பிட வேண்டாம், கல்லூரி வீடியோவோடும் ஒப்பிட வேண்டாம். அன்று, அந்த அரங்கில், அந்த நடுவர்கள் முன்னால் ஆடியவர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அப்படிப் பார்த்தால் ரியோவின் நான்காம் இடமும் வேறு மாதிரி தெரியும். அன்று 7.0-ஐத் தேர்ந்தெடுத்தது தீபா. 0.150-ஐத் தீர்மானித்தது விதிப்புத்தகம்.