எந்த மலையில் வேலை?

மலையகத்தில் காய்ச்சல் வந்தால் முதலில் பனடோல், பிறகு கொத்தமல்லிக் கசாயம், மூன்றாம் நாள் தோட்டத்து டிஸ்பென்சரி. பெரும்பாலான காய்ச்சல்கள் இந்த வரிசைக்குள்ளேயே தணிந்துவிடும். தணியாதவையும் உண்டு. ஐந்தாம் நாளும் உடம்பு கொதிக்கும், தலை பிளக்கும், முழங்காலும் கணுக்காலும் வீங்கி நடை தளரும், கைகால்களில் சிவந்த புள்ளிகள் எழும். இரத்தத்தைப் பார்த்தால் டெங்கு இல்லை. கொடுத்த அன்டிபயோட்டிக்கும் எடுபடாது.

மத்திய மலைநாட்டு வைத்தியர்களுக்கு இது புதிய நோய் அன்று. பேராதனை மருத்துவ பீடத்தைச் சேர்ந்த எஸ்.ஏ.எம். குலரத்னவும் அவருடைய குழுவினரும் மத்திய மாகாண மலைப்பகுதியின் ரிக்கெட்சியா காய்ச்சல்களைப் பற்றிய விரிவான ஆய்வை 2003-இல் வெளியிட்டார்கள். உண்ணிகளாலும் கண்ணுக்கு எளிதில் அகப்படாத சிற்றுண்ணிகளாலும் பரவும் கிருமிகள் இவை. டொக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த பழைய மருந்தை நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். பெனிசிலினும் அதன் வழிவந்த பல மருந்துகளும் உயிரணுக்களுக்குள் வாழும் இந்தக் கிருமியிடம் பலிப்பதில்லை. தாமதமானால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் என்று பாதிப்பு பரவும், சிலருக்குத் தோல் கருகும், உயிரும் போகலாம்.

நோயை உறுதிசெய்யும் பரிசோதனை எல்லா வைத்தியசாலைகளிலும் கிடையாது. கிடைத்தாலும், உடம்பு எதிர்ப்பொருளை உருவாக்க நாளாகும் என்பதால் முதல் வாரத்தில் அது கைகொடுக்காமல் போகலாம். ஆகவே வைத்தியர் சந்தேகத்தின் பேரிலேயே சிகிச்சையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தச் சந்தேகம் பிறக்கச் சில விவரங்கள் வேண்டும். எந்த மலையில் வேலை? புல் மண்டிய இடமா? காட்டோரமா? வீட்டில் மாடோ நாயோ உண்டா? உடம்பில் உண்ணி ஏறியதா? கடந்த இரண்டு வாரத்தில் கொழும்புக்குப் போய் வந்தீர்களா? கடைசிக் கேள்வியையும் சாதாரணமாக எண்ணக்கூடாது. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தீபாவளிக்கு வீடு வரும்போது டெங்குவையும் சுமந்து வருவதுண்டு. குளிர்ந்த நுவரெலியாவில் டெங்கு எங்கே என்று யாரும் அலட்சியமாக இருக்க முடியாது.

இந்தக் கேள்விகளுக்கான பதில் நோயாளியிடம்தான் இருக்கிறது. ஆனால் அது முக்கியமான தகவல் என்று அவருக்குத் தெரியாது. தினமும் காலில் அட்டை ஏறி இறங்கும் ஒரு பெண் உண்ணிக்கடியைத் தனியாகச் சொல்லமாட்டார். உள்ளங்கையில் புள்ளி வருவது உண்ணியால் வரும் காய்ச்சலுக்கு நல்ல அடையாளம். ஆனால் கொழுந்துக் கறை ஏறிக் காய்த்துப்போன கையில் அந்தச் சிவப்பு சட்டென்று தெரியாது. சிற்றுண்ணிக் காய்ச்சலில் பலருக்குக் கடித்த இடம் சிகரெட் சுட்டதுபோல் கறுத்துப் பொருக்குக் கட்டும். அது பெரும்பாலும் அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்புக்குக் கீழோ இருக்கும். வலிக்காது. ஆண் வைத்தியரிடம், அதுவும் மொழி புரியாத வாட்டில், எத்தனை பெண்கள் அதைக் காட்டுவார்கள்? சிங்களம் மட்டும் தெரிந்த இளம் வைத்தியரும் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளியும் எதிரெதிரே இருக்கும்போது பக்கத்துக் கட்டில்காரர் மொழிபெயர்க்கிறார். காய்ச்சல், தலையிடி என்ற இரண்டு சொல் மட்டும் மறுகரை சேர்கிறது. இதில் வைத்தியரையோ நோயாளியையோ குறை சொல்லிப் பயனில்லை.

தொழிலைக் கேட்டு நோயைக் கண்டுபிடிப்பது பழைய வழக்கம். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'உன் தொழில் என்ன' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ராமஸினி 1700-இல் எழுதினார். நம் நாட்டில் அதைச் செய்துகாட்டியவர் மார்புநோய் நிபுணர் சி.ஜி. உரகொட. தேயிலைத் தூசியைச் சுவாசித்ததால் ஒரு டீமேக்கருக்கு ஆஸ்துமா வந்ததை அவர் 1970-இல் மருத்துவ உலகுக்குத் தெரிவித்தார். தொழிலோடு நிற்காமல், காசநோய்க்கு ஐசோநயசிட் மாத்திரை எடுப்பவர்கள் சிலருக்குத் திடீரென்று முகம் சிவந்து தலை இடிப்பதையும் அவர் ஆராய்ந்தார். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பதே இயல்பு. அவரும் சக ஆய்வாளரும் 1977-இல் காட்டிய காரணம் வேறு: அந்த நோயாளிகள் சாப்பிட்ட மீன். சூரை போன்ற மீன்களில் சேரும் ஹிஸ்டமினை உடம்பு முறிக்கவிடாமல் மாத்திரை தடுக்கிறது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்காமல் மாத்திரையை நிறுத்தியிருந்தால் காசநோயாளிக்கு அதுவே ஆபத்தாகியிருக்கும்.

கேட்பதைப் போலவே சொல்லி அனுப்புவதும் முக்கியம். குளவிக்கொட்டு நம் பத்திரிகைகளில் வாராவாரம் வரும் செய்தி. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பலர் வைத்தியசாலையில் என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். ஊசி போட்டு, வலி குறைந்து, வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு நடப்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை. நிறையக் கொட்டு வாங்கியவருக்கு நஞ்சு தசையையும் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கும். அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைக்க ஓரிரு நாள் ஆகலாம். சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்தாலோ குறைந்தாலோ உடனே திரும்பி வரவேண்டும் என்று யாராவது தமிழில் சொல்லி அனுப்ப வேண்டும். இன்னொன்று இதைவிட அரிது. கொட்டினால் எழும் ஒவ்வாமை இதயக் குருதிக்குழாயைச் சுருக்கி மாரடைப்பையே உண்டாக்கலாம். கிரேக்க மருத்துவர் கூனிஸ் 1991-இல் விவரித்த இந்த நிலை இன்று அவர் பெயராலேயே அறியப்படுகிறது. குளவி கொட்டியவர் நெஞ்சு நோகிறது என்றால் அதைப் பயம் என்று தள்ளாமல் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது அதனால்தான்.

அரியவற்றைப் பேசும்போது அன்றாடம் கண்முன் இருக்கும் அபாயத்தையும் விடமுடியாது. வெற்றிலை, பாக்கு, புகையிலை. மத்திய மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிடையே வாய்ப் புற்றையும் அதற்கு முந்தைய மாற்றங்களையும் பற்றிப் பேராதனை ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பழக்கத்தின் பக்கமே கைகாட்டியது. கன்னத்தின் உட்புறம் ஆறாத வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருப்பதைக் காண எந்த இயந்திரமும் தேவையில்லை; கண்டால் பல் வைத்தியரிடம் போகவேண்டும். குளிருக்கும் களைப்புக்கும் பசிக்கும் போடுகிறோம் என்று நம் பெண்கள் சொல்வது பொய்யன்று. பசியையும் களைப்பையும் தொடாமல் பழக்கத்தை மட்டும் கண்டிக்கும் அறிவுரையால் பெரிய பயன் விளையாது.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிசெய்பவர். தோட்டத்தில் அந்த நான்காமவர் பலராகப் பிரிந்து நிற்கிறார். மலையில் முதலில் காண்பவர் கங்காணி. வைத்தியசாலைக்கு அனுப்பும் துண்டை எழுதுபவர் தோட்ட வைத்திய உதவியாளர். இரவில் ஓட்டோ பிடித்து டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டு ஓடுபவர் மகனோ அயலவரோ. இவர்களுள் எவரும் மற்றவருக்குத் தாம் கண்டதைச் சொல்லி அனுப்பும் ஏற்பாடு இல்லை. நோயாளி கீழே இறங்க இறங்க அவரைப் பற்றிய செய்தி குறைந்துகொண்டே போகிறது.

இதை யார் சரிசெய்வது என்றால் விரல்கள் ஒன்றையொன்று நோக்கி நீளும். 1912-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளரின் வைத்தியத் தேவையைத் தோட்டத்தின் கடமையாக வைத்தது. 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992-இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது, தோட்ட வைத்தியசாலைகள் சில அரசின் கைக்கு வந்தன, சில வரவில்லை. இந்தக் கலப்பான நிலையில் ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது நடக்காத காரியம். ராக்ஃபெல்லர் நிறுவனம் 1916-இல் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோதே இது தெரிந்துவிட்டது. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். போதிய மலசலகூடம் இல்லாத லயத்துக்குத் திரும்பிய தொழிலாளியின் வெறுங்காலில் புழு மறுபடி ஏறியது. கூடம் கட்டும் செலவை ஏற்கத் தோட்டத் துரைமார் தயங்கினார்கள். வைத்தியரால் மட்டும் வெல்ல முடியவில்லை.

பொறுப்பைப் பகிர்வோம் என்று சொல்லும்போது சமபங்காகப் பகிர்வோம் என்று நான் சொல்லவில்லை. வசதி உள்ளவர் கூடுதலாகத்தான் சுமக்க வேண்டும். காய்ச்சலோடு வைத்தியசாலை போனவருக்கு அன்றைய பேர் விழாது, அதாவது நாட்சம்பளம் கிடைக்காது என்ற பயம் இருக்கும்வரை அவர் ஐந்தாம் நாளில்தான் வருவார். அந்தப் பயத்தை நீக்கும் இடத்தில் இருப்பது கம்பனி. சம்பளப் பேச்சுக்குக் கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பகுதியை இதற்கும் தொழிற்சங்கங்கள் கொடுக்கலாம். வாட்டில் தமிழ் பேசும் ஒரு பெண் ஊழியராவது எந்நேரமும் இருப்பதைச் சுகாதார அமைச்சு உறுதிசெய்ய வேண்டும். நம் பங்கும் உண்டு. குளிக்கும்போது பிள்ளைகளின் தலையிலும் அக்குளிலும் உண்ணி பார்ப்பது, காய்ச்சல் தொடங்கிய நாளைக் கலண்டரில் குறிப்பது, கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரையின் அட்டையை வைத்தியரிடம் கொண்டுபோவது ஆகியவற்றுக்குக் காசு செலவாகாது.

முதல் வேலையாக அந்தத் துண்டை மாற்றலாம். இப்போது அதில் பெயரும் நோயும் இருக்கும். அதே தாளில் இன்னும் ஐந்து வரி சேர்த்து, தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடலாம்: எந்த இடத்தில் என்ன வேலை, காய்ச்சல் தொடங்கிய நாள், உண்ணியோ அட்டையோ குளவியோ பாம்போ கடித்ததா, இரண்டு வாரத்துக்குள் வெளியூர் போனாரா, இதுவரை எடுத்த மருந்து. வைத்திய உதவியாளர் எழுதட்டும், கங்காணி சொன்னதையும் கேட்டு எழுதட்டும். வாட்டில் அதைக் கட்டில் டிக்கட்டோடு சேர்த்துக் குத்தி வைக்கட்டும். நோயாளி வீடு திரும்பும்போது, என்ன நோய் என்று தெரியவந்ததை வைத்தியர் அதன் பின்பக்கத்தில் எழுதித் தோட்டத்துக்கே அனுப்பட்டும். அடுத்த காய்ச்சல் வரும்போது டிஸ்பென்சரியில் இருப்பவருக்கு அது உதவும். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு நோயாளரை அனுப்பும் சில தோட்டங்களில், மே மாத மழை தொடங்குவதற்குள் இதை ஆரம்பித்துப் பார்க்கலாம்.