காவலாளி செய்த கோளாறு, வசவு குமாஸ்தாவுக்கா?

வீட்டைக் காக்க வைத்த காவலாளியே கதவைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டால் எப்படி இருக்கும்? 2024 ஜூலை 19ந் தேதி, வெள்ளிக்கிழமை காலையில், உலகத்தின் பெரிய ஆபீஸ்களில் பலவற்றுக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது.

அன்று இந்திய நேரப்படி காலை 9.39க்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி தன்னுடைய பாதுகாப்பு மென்பொருளுக்கு ஓர் 'அப்டேட்' அனுப்பியது. யாரும் கேட்டு வாங்கியதல்ல. தானாகவே போய்ச் சேருவது. புதிய கோப்பு 21 விவரங்களைக் கேட்டது. மென்பொருள் கொடுத்ததோ 20தான். இல்லாத இருபத்தோராவதைத் தேடப்போய் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டிப் படுத்துவிட்டன. 10.57க்குக் கம்பெனி அதை வாபஸ் பெற்றது. இடைப்பட்ட 78 நிமிடங்களில் விழுந்தவை, மைக்ரோசாப்டின் கணக்குப்படி, 85 லட்சம் கம்ப்யூட்டர்கள்.

உலகிலுள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் விழுந்தவை விமானக் கம்பெனிகள், வங்கிகள், ஆஸ்பத்திரிகளில் இருந்தவை. மும்பை, டில்லி, பெங்களூர், ஐதராபாத் விமான நிலையங்களில் செக்-இன் தடைப்பட்டது. போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நம் நாட்டில் 10 வங்கிகளிலும் நிதி ஸ்தாபனங்களிலும் மட்டுமே சிறு இடையூறு என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது ஓர் ஆறுதல்.

இது முதல் தடவையும் அல்ல. 2010 ஏப்ரல் 21ந் தேதி மெக்காபி கம்பெனியின் அப்டேட் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ஒரு கோப்பையே வைரஸ் என்று எண்ணி அகற்றியது. பதினான்கு வருஷம் கழித்தும் பாடம் படிக்கப்படவில்லை.

அப்படியானால் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிடலாமா? கூடவே கூடாது. 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற வைரஸ் பல நாடுகளைக் கலக்கியது. அதற்கான மருந்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். மருந்து அவசியம். எல்லோருக்கும் ஒரே நிமிஷத்தில் ஊசி போடுவதுதான் தவறு.

மாதுங்காவிலும் செம்பூரிலும் இருந்து மின்சார ரயிலேறிப் போய், காலை முதல் மாலை வரை கம்ப்யூட்டர் முன் உட்காரும் தமிழர்களுக்கு இது எங்கோ நடந்த சங்கதி அல்ல. திரை நின்றால் கியூ நிற்கிறது. இந்தியிலும் மராத்தியிலும் வசவு வாங்குபவர் கவுண்டரில் இருப்பவர்தான். அப்டேட்டை அனுப்பியவர் அங்கே இல்லை. வாங்கச் சொன்ன அதிகாரியும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார். மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கப்படாத சிப்பந்தி அதன் குற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று மறுமருந்து என்னவோ சுலபமானதுதான். கம்ப்யூட்டரை 'சேப் மோட்' முறையில் துவக்கி, அந்தத் தவறான கோப்பை அழித்தால் போதும். ஆனால் பல கம்ப்யூட்டர்கள் துவங்கும்போதே விழுந்ததால், திருத்திய கோப்பைத் தூரத்திலிருந்து அனுப்பி அவற்றைச் சரிசெய்ய முடியவில்லை. ஒவ்வொன்றின் முன்பும் ஓர் ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது. டிஸ்க்குக்குப் பூட்டுப் போட்டிருந்த இடங்களில் 48 இலக்கச் சாவி எண் வேறு தேவைப்பட்டது. அந்த எண்களை வைத்திருந்த கம்ப்யூட்டரே படுத்துவிட்ட ஆபீஸ்களும் உண்டு!

ஆகவே நிர்வாகங்கள் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, எந்த அப்டேட்டும் முதலில் நாலைந்து கம்ப்யூட்டர்களுக்குப் போகட்டும். அவை ஒழுங்காக ஓடினால் மற்றவற்றுக்கு. கிரவுட்ஸ்டிரைக்கே பிறகு இப்படிப் படிப்படியாக அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, சாவி எண்களைக் காகிதத்தில் எழுதி, பூட்டிய பீரோவில் வைக்க வேண்டும். மூன்றாவது, ரசீதுப் புத்தகம், பாரங்கள், ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் தயாராக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு நாளாவது கையால் வேலை செய்து பழக வேண்டும். திரை நின்ற நேரத்துக்காகச் சிப்பந்தியின் சம்பளத்தில் கை வைக்கவும் கூடாது.

சிப்பந்திகளுக்கும் சில கடமைகள் உண்டு. அப்டேட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் தகராறு செய்தால், திரையில் வந்த வாசகத்தையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்து மேலதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். பின்னால் பழி வந்தால் அந்தத் தாள்தான் சாட்சி. ஆத்திரத்தில் ஆன்டிவைரஸையே நீக்குவதும், ஒன்று இருக்க இன்னொன்றைப் போடுவதும் வினையை விலைக்கு வாங்குவதாகும். நல்ல கோப்பு காணாமற்போனால், ஆன்டிவைரஸின் 'குவாரன்டைன்' பகுதியில் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். "சரிசெய்து தருகிறோம்" என்று தானாக வரும் போனையோ மெயிலையோ நம்பவே கூடாது. 2024ல் கோளாறு நடந்த சூட்டோடு போலி வைத்தியர்கள் கிளம்பினார்கள். மத்திய அரசின் செர்ட்-இன் எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது.

2024 செப்டம்பரில் கிரவுட்ஸ்டிரைக் அதிகாரி ஒருவர் அமெரிக்கப் பாராளுமன்றக் கமிட்டி முன் மன்னிப்புக் கேட்டார். நல்லதுதான். ஆனால் அன்று விமான நிலையக் கவுண்டர்களில் நின்று, ஏச்சைக் கேட்டுக்கொண்டே கைவலிக்கச் சீட்டு எழுதியவர்களிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள்? கம்ப்யூட்டர் விழுந்தபோது வேலையைத் தாங்கியவை அந்தக் கைகள்தான். "இனி கையெழுத்து எதற்கு, ஆள் எதற்கு" என்று கணக்குப் போடும் நிர்வாகங்கள் அந்த வெள்ளிக்கிழமையை மறந்துவிடக் கூடாது.