பாட்டு ஓய்ந்தால் படம் என்ன சொல்லும்?

மாண்புமிகு ஒன்றியப் பழங்குடியினர் நலத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

மத்தியப் பிரதேசத்தின் திண்டோரி மாவட்டத்துக் கோண்டு ஓவியத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம் 2018-லும் துர்காபாய் வ்யாம் 2022-லும் பத்மஸ்ரீ பெற்றார்கள். படத்துக்கு மரியாதை வந்துவிட்டது. அதைப் பெற்றெடுத்த பாட்டுக்குத்தான் கேட்பாரில்லை. இவ்வோவியர்களில் பலர் பர்தான்கள். கோண்டு மக்களின் பாணர்கள். மூன்று நரம்பு பூட்டிய 'பாணா'வை வில்லால் இழைத்தபடி புரவலர் வீடுதோறும் குலவரலாறும் அரசர் கதைகளும் பாடிப் பரிசில் பெற்றவர்கள். பாணா ஒலித்தால்தான் சாஜா மரத்தில், அதாவது நம் கருமருதில், உறையும் தெய்வமான படாதேவ் கண்விழிப்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. புரவலர்கள் நொடித்ததும் பாணர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். 1980-களின் தொடக்கத்தில், போபால் பாரத் பவன் கலை மையத்துக்காக ஓவியர் ஜே. சுவாமிநாதன் அனுப்பிய குழு, பாடன்கட் கிராமத்தில் பர்தான் இளைஞர் ஜன்கட் சிங் ஷ்யாமின் சுவரோவியத்தைக் கண்டது. பாடிப் பிழைத்த குலம் வரைந்து பிழைக்கத் தொடங்கியது.

சுவரிலிருந்து தாளுக்கு வந்தபோதே மரபு மாறிவிட்டதே, இனி எதைக் காப்பது என்று கேட்கலாம். மாறியது உண்மை, ஆனால் மாற்றியவர்கள் கதை தெரிந்தவர்கள். சென்னையின் தாரா புக்ஸ் 2004-ல் வெளியிட்ட நூலில், லண்டன் பிக் பென் கடிகாரத்தைச் சேவலோடு இணைத்து வரைந்தார் பஜ்ஜு ஷ்யாம். ஊருக்குப் பொழுது சொல்வது சேவல் அல்லவா? கதை கேட்டு வளர்ந்தவருக்குத்தான் அந்தக் கண் வாய்க்கும். கதை அறியாத கைக்குப் புள்ளியும் கோடும் வெறும் அலங்காரம். அதை அச்சு இயந்திரமே போட்டுவிடும். புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், கதையைக் காக்காது.

ஒலிப்பதிவு செய்துவிட்டால் போதாதா என்பது அடுத்த கேள்வி. பதிவு தேவைதான். ஆனால் பாணர் பாட்டு, கேட்கும் குடும்பத்தின் முன்னோர் பெயர்களைக் கோத்துக்கொண்டு நீள்வது. பதிவில் அது நின்ற இடத்திலேயே நிற்கும். பிள்ளைகளைப் பழைய தொழிலில் கட்டிப்போடச் சொல்லவில்லை. ஓவியம் சோறு போட்டதால் இளையோர் அதற்குப் போனார்கள். பாட்டும் சோறு போட்டால் சிலராவது அதற்கும் வருவார்கள். எனவே பாணா ஆசான்களுக்கும் அவர்களிடம் பயில்வோருக்கும் மாத உதவித்தொகை கொடுங்கள். பதிவுகளின் உரிமையை அச்சமூகத்திடமே விடுங்கள். அடுத்த ஓவியப் பயிலரங்கில் தூரிகை பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுவே ஒரு பாணருக்கும் பாய் விரியுங்கள். ஓவியருக்குத் தரும் அதே நாள்படியை அவருக்கும் தாருங்கள்.

இப்படிக்கு,
கலை மரபுகளில் அக்கறையுள்ள ஒரு குடிமகன்